6.2-க்குப் பக்கத்தில் நாம் எழுதாமல் விட்டது

அன்புள்ள ரகு,

பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு, நடுவில் ஒரே ஒரு சுவர் இருக்கும்போது, "ஒண்ணாம் தேதி ஹைதராபாத்ல ஜாயின் பண்றேன். பெருசு பண்ணாத" என்று பெற்ற தாய்க்கு வாட்ஸாப்பில் செய்தி அனுப்புகிற பிள்ளையை இந்த மந்தைவெளியில் நான் ஒருத்திதான் பெற்றிருப்பேன். செய்தி வந்தபோது வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்து நாலு அடி வைத்திருந்தால் நீயே சொல்லியிருக்கலாம். உன் அப்பாவிடம் போனைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இரண்டு முறை படித்துவிட்டு, "அதான் பெருசு பண்ணாதன்னு போட்டிருக்கானே, அப்புறம் என்ன?" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு வாய்த்த இரண்டு ஆண்களும் இப்படி. ஆகவே பெரிதாகத்தான் பண்ணப்போகிறேன். பேச ஆரம்பித்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டிக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

இதை உனக்கு மட்டும் எழுதவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். டான்ஸ் கிளாஸ் பெண்களின் வாட்ஸாப் குழுவிலும் ஒரு வரி மாற்றாமல் போடுவேன். அந்தக் குழுவில் பாதிப் பேருக்கு நடந்தது அரைகுறையாகத் தெரியும். மீதிப் பேருக்கு நான் சொன்ன மாதிரி மட்டும் தெரியும். அதனால் உனக்குத் தெரிந்த விஷயங்களையும் முதலிலிருந்து சொல்லவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள். நீ பத்தாம் வகுப்பில் வரலாற்றுப் பாடத்தை உரக்கப் படித்தபோது நான் பொறுத்துக்கொண்டேன்.

நீ சிவில் எஞ்சினியர். ஏழு வருஷம் ஒரு பெரிய கம்பெனியில் பாலங்களுக்குக் கணக்குப் போட்டாய். பிறகு ஒருநாள், "எவனோ போடற கையெழுத்துக்கு நான் ஏம்மா கணக்குப் போடணும்?" என்று வேலையை விட்டுவிட்டு, வெல்டர் எத்திராஜோடு சேர்ந்து மொட்டைமாடிகளுக்கு இரும்புக் கூரையும் சட்டங்களும் போட்டுத் தருகிற தொழிலை ஆரம்பித்தாய். நான் ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. ஆனால் முதல் கூரையை முடித்துவிட்டு வந்த அன்று உன் முகத்தைப் பார்த்தேன். சட்டையெல்லாம் கருகிய ஓட்டைகள். தட்டில் என்ன இருக்கிறது என்றே பார்க்காமல் சாப்பிட்டாய். கம்பெனியில் இருந்த ஏழு வருஷத்தில் உன்னை அப்படிப் பார்த்ததே இல்லை. இதை அப்போது நான் உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

பெசன்ட் நகரில் தன்ராஜ் மாஸ்டர் டான்ஸ் கிளாஸ் நடத்துகிற நாலு மாடிக் கட்டடத்தின் வேலை இந்த வருஷம் வந்தது. சர்க்கரை ஏறியிருக்கிறது, உடம்பை அசையுங்கள் என்று டாக்டர் சொன்னதால் அறுபத்தொரு வயதில் நான் அந்தக் கிளாஸில் சேர்ந்திருந்தேன். உன்னை மாஸ்டரிடம் சொல்லிவைத்தவளும் நான்தான். அவர் ஆசை பெரியது. மொட்டைமாடியில் பத்தடி உயரத்துக்கு இரும்புத் தூண்கள் நட்டு, அதன்மேல் ஒரு தளம் போட்டு, கடலைப் பார்த்துக்கொண்டே பெண்கள் ஆடவேண்டும். கீழே இருக்கிற இடத்தில் உடை மாற்ற, உட்கார, காத்திருக்க வசதி வேண்டும். எட்டுத் தூண் என்று நீ வரைந்தாய். வரைபடத்தைப் பார்த்ததுமே எத்திராஜ் தலையைச் சொறிந்ததாக அவரே பின்னால் என்னிடம் சொன்னார்.

"சார், நாலு பக்கமும் குறுக்கால க்ராஸ் சட்டம் அடிச்சிரலாம் சார். இல்லாங்காட்டி அவ்ளோ ஒயரத்துல ஆடிக்கினே இருக்கும்."

"க்ராஸ் போட்டா கீழ ஆள் நடக்க முடியாது எத்திராஜ். மாஸ்டர் ஒத்துக்க மாட்டாரு. நான் கணக்கு போட்டுட்டேன், விடுங்க."

எத்திராஜ் விட்டுவிட்டார். முப்பது வருஷம் வெல்டிங் பிடித்த மனிதரின் தலைச்சொறிதலைவிட உனக்கு உன் காகிதம் பெரிதாக இருந்தது. இதற்காக உன்னைத் திட்ட வேண்டியதை எல்லாம் ஏற்கெனவே திட்டிவிட்டேன். இங்கே மறுபடி எழுதி நீட்டவில்லை.

என்னை மந்தைவெளியிலிருந்து கிளாஸுக்கு ஆட்டோவில் கூட்டிப்போனவள் வசந்தி. காலை ஆறு மணிக்கு என்னையும் இன்னும் இரண்டு பெண்களையும் ஏற்றிக்கொண்டு வருவாள். ஆட்களைக் கூட்டிவருகிறாள் என்பதால் மாஸ்டர் அவளையும் கிளாஸில் சேர்த்துக்கொண்டார். காக்கிச் சட்டையைக் கழற்றி மடித்துவைத்துவிட்டு எங்கள் எல்லோரையும்விட நன்றாக ஆடுவாள். ஏழு மணிக்குக் கிளாஸ் முடிந்ததும் எங்களை இறக்கிவிட்டு, திருவான்மியூரில் தன் குடியிருப்பிலிருந்து ஐந்து பிள்ளைகளை அடையாற்றில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தப் பள்ளிக்கூடச் சவாரிதான் அவளுக்கு மாதம் தவறாமல் வருகிற ஒரே வருமானம்.

புதுத் தளத்தில் முதல் இரண்டு வாரம் எட்டுப் பேர், பத்துப் பேர்தான் வந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது சனிக்கிழமை இருபத்திரண்டு பேர். நான் கடைசி வரிசையில், ஓரத்துக் கைப்பிடிக் கம்பிக்கு அருகில் நின்றேன். பாட்டு ஆரம்பித்தது. வலது பக்கம் ஒரு அடி, இடது பக்கம் ஒரு அடி, எல்லோரும் ஒன்றாக. சிறிது நேரத்தில் தலை சுற்றுகிற மாதிரி இருந்தது. சர்க்கரை இறங்கிவிட்டது என்றே நினைத்தேன். பிறகு கடலைப் பார்த்தேன். தொடுவானம் அசையாமல் நின்றது. அதற்கு முன்னால் கைப்பிடிக் கம்பி போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. இயற்பியல் ஆசிரியைப் புத்தி எங்கே போகும், கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். பத்து நொடியில் பத்து ஆட்டம். எண்ணி முடிப்பதற்குள் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிட அகலமாகிவிட்டது. மாஸ்டரோ மேடையில் குதித்துக்கொண்டு, "சூப்பர் மேடம்! தளமே நம்மகூட ஆடுது பாருங்க! விடாதீங்க!" என்று உற்சாகமாகக் கத்தினார்.

நானும் கத்தினேன். இருபத்தெட்டு வருஷம் தி.நகரில் ஒரு மேல்நிலைப் பள்ளியின் மைதானத்தில் மைக் இல்லாமல் ஆயிரம் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்த குரல். "உடையப்போகுது! எறங்குங்க! எல்லாரும் எறங்குங்க!"

இருபத்திரண்டு பேரும் ஒரே திசையில், படிக்கட்டை நோக்கி ஓடினார்கள். தளம் அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டு போய் ஒரு குலுக்குக் குலுக்கியது. கடல் பக்கத் தூணின் அடியில் இரண்டு போல்ட் பிய்ந்தன. அந்த ஓரம் ஒரு சாண் அளவுக்குச் சாய்ந்து நின்றுவிட்டது. வசந்தி படிக்கட்டின் மேற்படியில் நின்று, வயதான பெண்களின் கையைப் பிடித்து ஒவ்வொருவராக இறக்கிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து வந்த நெருக்கத்தில் அவளும் அவள்மேல் மூன்று பேருமாக உருண்டார்கள். மற்ற மூவருக்கும் சிராய்ப்பு. வசந்திக்கு வலது கணுக்காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிந்தது. பிரேக்கை மிதிக்கிற கால்.

அன்று மத்தியானம் நம் வீட்டில் நடந்த சண்டை கீழ்வீடு வரைக்கும் கேட்டிருக்கும். மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் உன் கணக்குக் காகிதத்தை எடுத்துவரச் சொன்னேன். நீ கொண்டுவந்து சாப்பாட்டு மேஜைமேல் விரித்தாய். உன் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனாலும் குரல் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

"கணக்கு கரெக்ட்டும்மா. ஆடற எதுக்கும் அதோட சொந்த வேகம்னு ஒண்ணு இருக்கு. அதே வேகத்துல தள்ளினாத்தான் ஆட்டம் பெருசாகும். இதோட வேகம் ஆறு புள்ளி ரெண்டு. மாஸ்டரோட பாட்டுக்கு செகண்டுக்கு ஒரு தடவைதான் வலது இடது. ஆறு எங்க, ஒண்ணு எங்க? ஆடவே கூடாது!"

"ஆறு புள்ளி ரெண்டு என்ன?"

"பர் செகண்ட்."

"என்ன பர் செகண்ட்? ஆறு ஆட்டமா? நான் அங்க நின்னு எண்ணினேன்டா. செகண்டுக்கு ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு."

நீ காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். நானும் பார்த்தேன். தூண்களின் விறைப்பை மொத்த நிறையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்திருந்தாய். அப்படி எடுத்தால் வருவது கோண அதிர்வெண். ஒரு நொடிக்கு எத்தனை ரேடியன் கோணம் என்பது அது. எத்தனை ஆட்டம் என்று தெரியவேண்டுமானால் அதை இரண்டு பையால் (2π), அதாவது சுமார் 6.28-ஆல் வகுக்க வேண்டும். 6.2-ஐ 6.28-ஆல் வகுத்தால் என்ன வரும் என்பதற்குக் கால்குலேட்டர் தேவையில்லை. ஒன்று. மாஸ்டரின் பாட்டும் ஒன்று. நொடிக்கு ஒரு முறை ஆட விரும்புகிற தளத்தை, நொடிக்கு ஒரு முறை இருபத்திரண்டு பேர் சேர்ந்து தள்ளியிருக்கிறோம். எட்டுப் பேர் ஆடியபோது எடை குறைவு, அதனால் தளத்தின் சொந்த வேகம் கொஞ்சம் அதிகம், பாட்டோடு ஒத்துப்போகவில்லை. கூட்டம் சேர்ந்ததும் எடை கூடி, வேகம் இறங்கி, சரியாகப் பாட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நீ உட்கார்ந்தாய். அப்போதாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. "பிளஸ் டூ பையனுக்குத் தெரியும்டா இது! இரண்டு மார்க் கேள்விடா!" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் விடாமல் பேசினேன். நீ குறுக்கே ஒரே ஒரு வார்த்தை சொன்னாய். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. "நீ கத்தாம போய் பாட்டை நிறுத்தியிருந்தா, ஆட்டம் தானா நின்னிருக்கும். யாரும் விழுந்திருக்க மாட்டாங்க." எனக்கு வந்த ஆத்திரத்தில் காகிதத்தை எடுத்து உன்மேல் எறிந்தேன். நீ அதைக் குனிந்து எடுத்து, நீவி, என் பக்கம் திருப்பிவைத்தாய். 6.2-க்கு நேராக, ஓரத்தில், பச்சை மையில் ஒரு டிக் இருந்தது.

அது என் டிக். குழுவில் இருக்கிற பெண்களே, இதைத்தான் நான் உங்களிடம் சொல்லவில்லை. தளம் போடுவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இவன் இந்தக் காகிதத்தை என்னிடம் நீட்டி, "அம்மா, சரியா இருக்கா பாரு" என்றான். ஒரு கையில் கரண்டியோடு வர்க்கமூலத்தை மட்டும் சரிபார்த்து, விடைத்தாள் திருத்துகிற பழக்கத்தில் டிக் போட்டு, "சரியா இருக்கு, போ" என்றேன். 6.2-க்குப் பக்கத்தில் "/s" என்று மட்டும் எழுதியிருந்தது. ரேடியன் இல்லை. அது என் கண்ணில் உறுத்தவே இல்லை. ஏன் உறுத்தவில்லை என்பதற்கு இன்னும் பின்னால் போக வேண்டும்.

ரகு, பிளஸ் டூ படிக்கும்போது நீ இதே மேஜையில் உட்கார்ந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். சுருள்வில்லில் கட்டிய குண்டு மேலும் கீழும்தானே போகிறது, அது சுற்றவே இல்லையே, அதற்கு எதற்குக் கோணம், எதற்கு ரேடியன் என்று. நல்ல கேள்வி. இருபத்தெட்டு வருஷத்தில் அதைக் கேட்ட பிள்ளைகள் மிகக் குறைவு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்குத் தெரியும், நீ மறக்க மாட்டாய். "பரீட்சைல கேக்க மாட்டாங்க. ரேடியனை எழுதாட்டியும் மார்க் போடுவாங்க. பர் செகண்ட்னு போட்டுட்டு அடுத்த கணக்குக்குப் போ." வகுப்பிலும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். மார்க்கும் போட்டேன். ரேடியனுக்குப் பரிமாணம் கிடையாது, அதனால் விட்டுவிடலாம் என்று பாடப்புத்தகச் சட்டம் பேசினேன். உண்மையில் அன்று எனக்குக் களைப்பு. அறுபது விடைத்தாள் மிச்சமிருந்தது.

அன்று சொல்லியிருக்க வேண்டியதை இன்று சொல்கிறேன். உனக்கு ஐந்து வயதிருக்கும்போது கடற்கரையில் கையால் சுற்றுகிற குதிரை ராட்டினத்தில் உன்னை ஏற்றிவிட்டுத் தூரத்தில் மணலில் உட்கார்ந்திருப்பேன். குதிரை வட்டமாகத்தான் சுற்றும். ஆனால் தரைமட்டத்தில் உட்கார்ந்து பார்க்கிற எனக்கு நீ வலது பக்கம் போவாய், ஓரத்தில் ஒரு கணம் நிற்பாய், நடுவில் வேகமாக இடது பக்கம் வருவாய், மறுபடி ஓரத்தில் நிற்பாய். பக்கவாட்டில் பார்த்தால் ஒரு சீரான சுற்றுதான் தனிச்சீரிசை இயக்கம். முன்னும் பின்னும் போகிற எதன் பின்னாலும் அப்படிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு சுற்று இருப்பதாக நினைத்துக்கொண்டு, அது நொடிக்கு எவ்வளவு கோணம் திரும்புகிறது என்று அளக்கிறோம். ஒரு முழுச் சுற்றுக்கு 6.28 ரேடியன். அதனால் 6.2 என்பது ஆறு சுற்று அல்ல, முழுசாக ஒரு சுற்றுகூட இல்லை. இவ்வளவுதான். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். அந்த ஐந்து நிமிஷத்தை உனக்குக் கொடுக்காத நான்தான், பதிமூன்று வருஷம் கழித்து, "இரண்டு மார்க் கேள்விடா" என்று கத்தினேன்.

சரி, என் தப்பு என் தப்புதான். ஆனால் உன்மேல் எனக்கு இருக்கிற எரிச்சல் அதனால் ஒரு துளியும் குறையவில்லை. விபத்து நடந்த அடுத்த வாரமே நீயும் எத்திராஜும் போய்ச் சாய்ந்த ஓரத்தைத் தூக்கி, நாலு பக்கமும் குறுக்குச் சட்டம் அடித்தீர்கள். மாஸ்டர் கீழே குனிந்து போக வேண்டியிருக்கிறதே என்று முனகினார், நீ காதில் வாங்கவில்லை. மணல் மூட்டைகளை ஏற்றி, ஆட்களை விட்டுத் தள்ளச்சொல்லி, போனை வைத்து அளந்து பார்த்தாய். இப்போது அது நொடிக்கு ஐந்தாறு தடவை லேசாக நடுங்குவதோடு சரி, கண்ணுக்கே தெரிவதில்லை. கணக்கை இந்தத் தடவை கம்பெனியில் உன்னோடு இருந்த மூத்த எஞ்சினியரிடம் கொண்டுபோய்ப் பார்க்கச் சொன்னாய். எல்லாவற்றையும் சரியாகச் செய்தாய். செய்துவிட்டு என்ன பண்ணினாய்? வந்த இரண்டு வேலையை வேண்டாம் என்றாய். மிஷின், கட்டர், ஏணி எல்லாவற்றையும் எத்திராஜிடம் கொடுத்துவிட்டாய். சாப்ட்வேர் விற்கிற ஒரு கம்பெனிக்கு மனுப் போட்டாய். காலையில் ஆறரைக்குக் காரை எடுத்துக்கொண்டு போவாய், ஒன்பதுக்கு வருவாய். மத்தியானம் மறுபடி போவாய். எங்கே என்று கேட்டால், "சும்மா". பெட்ரோல் என்ன விலை விற்கிறது, இவன் சும்மா சுற்றுகிறான் என்று உன் அப்பாவிடம் நான் புலம்பாத நாளில்லை.

அந்த நாட்களில்தான் நான் அந்தக் காரியத்தையும் செய்தேன். குழுவில் ஒரு பெண், "டீச்சர், நீங்க பிசிக்ஸ் டீச்சராச்சே, பையனோட கணக்கை ஒரு பார்வை பார்த்திருக்கக் கூடாதா?" என்று கேட்டாள். யதார்த்தமாகத்தான் கேட்டாள். நான் பதில் போட்டேன்: "அவன் எங்கே காட்டினான்? இந்தக் காலத்துப் பிள்ளைகள் பெரியவர்களிடம் எதைக் கேட்கிறார்கள்?" பத்துப் பேர் கைகூப்புகிற படம் போட்டார்கள். நீ அந்தக் குழுவில் இல்லை. ஆனால் மாஸ்டர் இருக்கிறார், அவர் மூலம் உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் நீ என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். அதுகூட நீ தரவில்லை.

போன வியாழக்கிழமை மத்தியானம் வசந்தியைப் பார்க்கப் போனேன். ஆறு வாரம் கட்டுப்போட்டுக் கிடக்கிறவளை அதுவரை இரண்டே தடவைதான் போய்ப் பார்த்திருந்தேன். முதல் மாடி வீடு, கீழே இறங்க முடியாமல் ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கொண்டுபோன பழத்தைக்கூடக் கொடுக்காமல், நீ ஹைதராபாத் போகிற கதையைப் பொருமிக்கொண்டிருந்தேன். கீழே ஹாரன் கேட்டது. அவள் எட்டிப் பார்த்து, "உங்க புள்ளதான் டீச்சர்" என்றாள். எட்டிப் பார்த்தேன். நம் காரின் நாலு கதவும் திறந்து, யூனிபார்ம் போட்ட ஐந்து பிள்ளைகள் இறங்கினார்கள். ஒரு பொடியன் உன் தோளில் பையைத் தொங்கவிட்டுவிட்டு ஓடினான்.

"நீங்க இன்னா வெளியூரா டீச்சர், உங்களுக்கு இதுகூடவா தெரியாது?" என்றாள் வசந்தி, என் முகத்தைப் பார்த்து. "என் ஸ்கூல் சவாரி போயிடக் கூடாதுன்னு ஒண்ணரை மாசமா காலைலயும் சாயந்திரமும் தம்பிதான் இட்னு போய் இட்னு வருது. புள்ளைங்களுக்கு ஏசி கார் பழகிப்போச்சு. இனிமே என் ஆட்டோல ஏறுமாங்கறதே டவுட்டா கீது."

நீ படியேறி வருகிற சத்தம் கேட்டது. நான் என்ன செய்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. சமையலறைக்குள் போய்த் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியை, கையில் பழக் கவரோடு.

"அக்கா, விரலை அசைச்சீங்களா இன்னிக்கு? டாக்டர் சொன்ன மாதிரி முப்பது தடவை?"

"அத்த வுடு. ஊருக்குப் போறேன்னு உங்கம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"மெசேஜ் போட்டேன்."

"ஒரே வூட்ல இருந்துக்கினா? இன்னா ஜென்மம் நீ?" அவள் திரைச்சீலையைப் பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன். "தம்பி, நான் எத்தினி தபா கேட்டுட்டேன். அந்தக் கணக்கை யாரும் பார்க்கலியா? நீ மட்டுமா போட்ட?"

"நான் மட்டும்தான்க்கா."

"உங்கம்மா டீச்சராச்சே. காட்டியிருக்கலாம்ல?"

"காட்டலக்கா. என் தப்புதான்."

மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு நீ இறங்கிப் போனாய். கார் கிளம்புகிற சத்தம் அடங்கும்வரை நான் வெளியே வரவில்லை. வந்ததும் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வசந்தியிடம் சொன்னேன். டிக் போட்டதை, பிளஸ் டூவில் ரேடியனை விடச்சொன்னதை, குழுவில் பொய் எழுதியதை, பாட்டை நிறுத்தாமல் கத்தியதை. ஒன்றையும் விடவில்லை. அவள் கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ ஆத்தாவும் புள்ளையும் சேந்துதான் என் காலை ஒட்ச்சீங்களா?" என்றாள். சிரிக்கவில்லை. பிறகு நிமிர்ந்து, "புள்ள வந்து ஒத்துக்கினு, ஒண்ணரை மாசம் ஒழைச்சிட்டுப் போவுது. நீங்க இன்னிக்குத்தான் வந்துகீறீங்க" என்றாள்.

உன்னைத் தடுக்கச் சொல்லி அவளிடம் கெஞ்சினேன். "நீ சொன்னா கேப்பான், ஒரு தப்புக்காகக் கைத்தொழிலையே விட்டுட்டு ஓடறான், ஊரை விட்டுப் போறான்" என்றேன். வசந்திக்கு என்மேல் பொறுமை போய்விட்டது. "போவட்டுமே டீச்சர். அதுக்கு மூச்சு வுட எடம் வேணாமா? உங்க வூட்ல தப்பு பண்ணவன் ஒக்காரவே எடம் கெடையாது போல கீதே." இந்த வாக்கியத்தை நான்கு நாளாகச் சுமந்துகொண்டு திரிகிறேன். சாம்பாரில் உப்புப் போட மறந்தேன், உன் அப்பா அதையும் கேட்காமல் சாப்பிட்டார்.

உன்னைப் போகாதே என்று சொல்வதற்காகத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். இப்போது அதைச் சொல்லப்போவதில்லை. போ. சாப்ட்வேரை விற்கப் பிடித்தால் வில், பிடிக்காவிட்டால் திரும்பி வா. எத்திராஜிடம் கேட்டேன், "மிஷினை நான் சும்மாத்தான் வெச்சினுகீறேன், சார் வந்தா குடுப்பேன்" என்றார். அது உனக்கும் அவருக்கும் நடுவில். இனி நீ எந்தக் கணக்கையும் என்னிடம் காட்டவேண்டாம், என்னைவிட நன்றாகப் பார்க்கிறவர்களிடம் காட்டு. ஆனால் எனக்காக யாரிடமும் பொய் சொல்லாதே. எனக்கு அது தாங்கவில்லை. உன் தப்பில் பாதி என்னுடையது. என் பாதியை நீ எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனால் இங்கே நான் எதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது?

வசந்திக்கு அடுத்த வாரம் கட்டுப் பிரிக்கிறார்கள். பிரேக் மிதிக்க இன்னும் மூன்று வாரமாவது ஆகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். அதனால் காரை ஹைதராபாத்துக்கு ஓட்டிக்கொண்டு போகலாம் என்று நீ நினைத்திருந்தால் அந்த நினைப்பை விடு, ரயிலில் போ. என்னிடமும் லைசென்ஸ் இருக்கிறது, ஒன்றாம் தேதியிலிருந்து பிள்ளைகளை நான் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று வசந்தியிடம் சொல்லிவிட்டேன். "மெதுவா ஓட்டுவீங்களா டீச்சர்?" என்று மூன்று தடவை கேட்டாள். நேற்று பிள்ளைகளிடமும் பேசினேன். முன்சீட்டில் யார் உட்காருவது என்பதற்கு நீ ஏதோ முறை வைத்திருக்கிறாயாமே, கிளம்புவதற்குள் அதை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ. தினமும் தான்தான் முன்சீட் என்று அந்த நாலாம் வகுப்புப் பெண் சத்தியம் செய்கிறாள். எனக்கு நம்பிக்கை இல்லை.

அம்மா